விற்காத புடவையின் லாபம்

கணக்கு எழுத வருகிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே ஒரு கடுப்பு. நெய்வது நாம், பேனாவைப் பிடித்துக்கொண்டு மிரட்டுவது அவர்களா என்று நினைப்பேன். அதனால் எழுபத்து மூன்றாம் வருஷம் எங்கள் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தில்லையம்மாள் கணக்கராக வந்தபோது, இயக்குநர்களில் ஒருவனான நான் அவளிடம் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. மெட்ராஸில் படித்தவள். மாகறலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். தற்காலிக வேலைதான், ஆண்டுப் பேரவைக்குப் பிறகு நிரந்தரமாக்குவதாகத் தலைவர் நமச்சிவாயம் வாக்குக் கொடுத்திருந்தார். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

அந்த வருஷம் பட்டு விலை ஏறி, வியாபாரம் படுத்துவிட்டது. பீரோ நிறையப் புடவை தேங்கிக் கிடந்தது. இருப்பு எடுக்கிற அன்று ஸ்டோர் கீப்பர் வீரபாகு அடுக்கு அடுக்காக எண்ணினான். எங்கள் பக்கம் எண்ணும்போது ஒன்று என்று ஆரம்பிப்பதில்லை. முதல் உருப்படிக்கு 'லாபம்' என்றுதான் சொல்வோம். "லாபம், ரெண்டு, மூணு..." என்று அவன் ராகம் போட, தில்லையம்மாள் குறித்துக்கொண்டே வந்தாள்.

வழக்கமாக, புடவையில் தொங்கும் சீட்டில் உள்ள விற்பனை விலையையே போட்டுக் கூட்டிவிடுவார்கள். லாபம் தானாக வந்துவிடும். அதைக் காட்டிப் பேங்கில் கடன் வாங்கி, தீபாவளிக்கு உறுப்பினர்களுக்கு போனஸ் கொடுப்போம். மற்ற சங்கத்துக்காரர்கள் எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். இவள் அப்படி எழுதவில்லை. பட்டு, ஜரிகை, கூலி என்று அடக்க விலையை மட்டும் எழுதினாள். மடிப்பில் ஜரிகை கறுத்த புடவைகளைக் கடைக்காரர்கள் அதைவிடக் குறைவாகத்தான் கேட்பார்கள் என்பதால், அவற்றுக்கு அந்தக் குறைந்த விலையைப் போட்டாள். லாபம் இருந்த இடத்தில் கொஞ்சூண்டு மிஞ்சியது.

தலைவர் அவளைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"என்னம்மா, நம்ம சொத்தைப் பாதியாக்கிட்டியே?"

"சொத்து அப்பிடியேதான் பீரோவுல இருக்குது ஐயா. லாபம்தான் இன்னும் வரலை."

"வீரபாகு எண்ணறப்பவே லாபம்னுதானே ஆரம்பிச்சான்? உன் காதுல விழலியா?" என்று அவர் கிண்டலாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "வாயில சொல்றது ராசிக்கு ஐயா. அதையே கணக்குலயும் எழுதிக்கினு வந்துட்டோம். விக்காத பொடவைக்கு போனஸ் குடுத்துட்டு, அந்தக் கடனுக்கு வட்டி நம்ம நெசவுக்காரங்க தலையிலதான் விழுது. மெட்ராஸ்ல பெரிய கம்பெனிங்க அடக்கமோ, விக்கிற விலையோ, எது கம்மியோ அதைத்தான் எழுதறாங்க. நம்ம ஊருக்கு மட்டும் தனிக் கணக்கா?"

தலைவர் முகம் மாறியது. "பழையபடி எழுதிக் கையெழுத்துப் போடு. உன் நிரந்தர ஆர்டர் என் டிராயர்லதான் இருக்குது. இல்லேன்னா வேற ஆளு பாத்துக்கறேன்."

"அந்த ஆளு போடட்டும் ஐயா. நான் போட மாட்டேன்."

திமிர் பிடித்தவள் என்று முணுமுணுத்தேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு போனேன். அவள் வீட்டு நிலைமையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல என்னால் முடியுமா என்று யோசித்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் பேரவை கூடியது. அவள் வாயாலேயே படிக்கட்டும், உறுப்பினர்களே விரட்டிவிடுவார்கள் என்று தலைவர் கணக்குப் போட்டிருந்தார். அது பலித்தது போலத்தான் இருந்தது. "போனஸ் எங்கே?" என்று கூட்டம் இரைந்தது. பட்டு இழை சுற்றுகிற காமாட்சியம்மாள் எழுந்து, "அதை நம்பிக் கடனுக்குத் துணி எடுத்துட்டேனேம்மா" என்றாள்.

தில்லையம்மாள் வீரபாகுவிடம் சொல்லி ஓர் அடுக்குப் புடவையை மேஜைமேல் கொண்டுவந்து வைக்கச் செய்தாள்.

"பழைய கணக்குப்படியே போனஸ் தரலாம். ஆனா நம்ம கிட்ட காசு இல்லை, பொடவைதான் இருக்குது. சீட்டுல போட்டிருக்கிற விலைக்கே போனஸுக்குப் பதிலா எடுத்துக்கினு போங்க. யாருக்கு வேணும்?"

யாரும் மேஜைப் பக்கம் வரவில்லை. எல்லாம் எங்கள் தறியிலிருந்து இறங்கிய புடவைகள். எது என்ன விலைக்குப் போகும் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? மேலே இருந்தது நான் நெய்தது. இந்த நிறம்தான் வேண்டும் என்று நானே அடம்பிடித்து நெய்த அதை, எந்தக் கடைக்காரனும் சீந்தவில்லை.

"என்ன வேணுகோபாலு, உனக்கு வேணாமா?" என்றான் வீரபாகு. கூட்டம் சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

காமாட்சியம்மாள்தான் முதலில் பேசினாள். "எனக்குக் காசு வேணும்தான். ஆனா கடன் வாங்கி எனக்கே குடுத்துட்டு, எங்கிட்டயே வட்டி புடிக்கிற காசு வேணாம்பா. இந்தக் கணக்கே இருக்கட்டும். இந்தப் பொண்ணும் இருக்கட்டும்."

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள். பக்கத்தில் ஒருவர் தூக்கினார், பின்னால் ஒருவர். என் கை எப்போது மேலே போனது என்று எனக்கே தெரியாது. கணக்கு எழுதுகிற ஒருத்திக்காக என் கண் கலங்கும் என்று அதற்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

நமச்சிவாயம் கெட்டவர் அல்ல. தூக்கிய கைகளை எண்ணிப் பார்த்தார். பிறகு ஆர்டரை எடுத்துவரச் சொல்லி, எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் ஒரு குத்துக் குத்தாமல் விட அவருக்கு மனசில்லை.

"இந்தா, நிரந்தரமாயிட்டே. பழைய கணக்கா இருந்தா சிப்பந்திங்களுக்கும் போனஸ் உண்டு. உனக்கே ரெண்டு மாசச் சம்பளம் சுளையா வந்திருக்கும். அதுவும் போச்சு, தெரியுமா?"

"தெரியும் ஐயா," என்றாள் தில்லையம்மாள். "மொதல்ல அதைத்தான் கோடு போட்டு அடிச்சேன்."