ஏரியைத் தாண்டிப் போன வீடு

கோதண்டம் அரையாண்டு வீட்டு வரியைக் கட்டிய அன்று இரவு, அவர் வீட்டின் மேற்குச் சுவர் அயனம்பாக்கம் ஏரியைத் தாண்டிப் போய் எதிர்க்கரைப் புளியமரத்தடியில் படுத்திருந்த வேம்புலியின் தலைமாட்டில் நின்றது. யுத்தம் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் என்பதால் சுவர் போனதை யாரும் பார்க்கவில்லை. எருமை தண்ணீரில் இறங்குகிற மாதிரி சத்தம் கேட்டதாக மட்டும் இரண்டொருவர் சொன்னார்கள். விடிந்ததும் கோதண்டம் வாயில் வேப்பங்குச்சியோடு கூடத்தில் நின்று பார்த்தார். சுவர் இருந்த இடத்தில் ஏரி தெரிந்தது. காற்று நன்றாக வந்தது. அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

கோதண்டத்துக்கு ஏரிப் பாசனத்தில் இரண்டு காணி நிலமும், ஒரு ஜோடி மாடும், ஓடு போட்ட வீடும் இருந்தன. அவரைப் பணக்காரர் என்று சொன்னால் பணக்காரர்கள் சிரிப்பார்கள். ஏழை என்று சொன்னால் ஏழைகள் அடிக்க வருவார்கள். வீட்டு வரியை ஏற்றியபோது பூந்தமல்லிப் பெரிய மனிதர்கள் வக்கீல் வைத்து அப்பீல் செய்துகொண்டார்கள். எங்கள் தெருவில் மற்ற எல்லோரும் தங்கள் வீட்டை மாட்டுத்தொழுவம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். கோதண்டம் மட்டும் கௌரவம் பார்த்து வீடு என்று எழுதினார். ஆக, சர்க்கார் கணக்குப்படி ஊரில் வீட்டில் குடியிருந்தவர் அவர் ஒருவர்தான். நாங்கள் தொழுவத்தில் இருந்தோம், பொருத்தமாகத்தான் இருந்தது.

பொறாமை எங்கள் ஊரில் வெற்றிலை மாதிரி, எல்லோர் மடியிலும் கொஞ்சம் இருக்கும். கோதண்டம் மேலே பார்த்துப் பொறாமைப்பட்டால் கழுத்து வலிக்கிறது என்று கீழே பார்த்துப் பட்டார். கீழே வேம்புலி இருந்தான். வானகரத்தில் இருந்த குடிசைக்கும் வரி என்று கேட்டதும், குடிசையைத் தானே பிரித்து, கீற்றையும் மூங்கிலையும் விற்று அந்த வரியைக் கட்டிவிட்டு, மனைவி முனியம்மாவோடு எதிர்க்கரைப் புளியமரத்தடிக்கு வந்தவன். பாக்கியும் இல்லை, வீடும் இல்லை. கால் நீட்டி எப்படித் தூங்குகிறான் பார் என்று கோதண்டம் தினமும் தன் மனைவி வரலட்சுமிக்குக் காட்டுவார். இப்போது அவன் தலைக்குச் சுவரும் கிடைத்துவிட்டது. கோதண்டம் கரையைச் சுற்றிப் போய்ப் பார்த்தபோது, பத்து வருஷமாகச் சாய்ந்து அவர் தலை ஏற்படுத்தியிருந்த எண்ணெய்க் கறையில் வேம்புலியின் தலை சரியாகப் பொருந்தியிருந்தது.

"இன்னாடா இது, என் செவுரு இங்க நின்னுகினு கீது?"

"நான் தூக்கியாரல நைனா. கண்ணு முழிச்சா தலமாட்டுல நின்னுச்சுங்க."

"நின்னா? சாஞ்சுக்குவியா?"

"சாயாத கீறனேன்னு அது மனசு கஷ்டப்படுமேன்னு சாஞ்சேங்க."

கோதண்டம் வரி தண்டல் செய்யும் பரந்தாமனிடம் போய் முறையிட்டார். பரந்தாமன் அரிசி விலை சொல்கிற குரலில் விளக்கினார். வீடு உள்ளவர் கட்டும் வரியில் ஒரு பங்கு வீடு இல்லாதவருக்குப் போகவேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. "பணமா அனுப்புனா வழியில கரைஞ்சிடுது. இது செங்கல்லு செவுருங்க, கரையாது," என்றார்.

அடுத்த அரையாண்டில் ஓடுகளில் பாதி போயின. அதற்கடுத்து வாசக்கால். கோதண்டம் ஒருமுறை வரி கட்டாமல் இருந்து பார்த்தார். ஜப்தி வந்தது. எடுத்துப் போன பித்தளை அண்டா மறுநாள் முனியம்மாவின் அடுப்பில் உட்கார்ந்திருந்தது. பிறகு சமையலறையே அடுப்போடு போனது. அன்று வரலட்சுமி அரிசியை முறத்தில் எடுத்துக்கொண்டு கரையைச் சுற்றி நடந்தாள். முனியம்மா எழுந்து நின்று வெளியே போகப் பார்த்தாள். நீ எங்கே போகிறாய், அடுப்பை ஊது என்றாள் வரலட்சுமி. எங்கள் ஊரிலிருந்து அந்த மரத்தடிக்குப் போய் எந்தப் பெண்ணும் சோறு வடித்தது கிடையாது. ஊர் ஒரு வாரம் அதைப் பேசியது. கோதண்டம் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். மூன்றாம் நாள் எதிர்க்கரையிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பின் வாசனை தண்ணீரைத் தாண்டி வந்தது. நம் வீட்டில் இருந்தபோது இந்த மணம் வந்ததில்லையே என்ற வயிற்றெரிச்சலில், அதைச் சரிபார்ப்பதற்காகவே போய்ச் சாப்பிட்டார்.

மூன்று வருஷத்தில் கடைசி ஓடும் போயிற்று. பரந்தாமன் வந்து, இனி உங்களுக்கு வரி இல்லை என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, எதிர்க்கரையில் வேம்புலிக்குக் கேட்பு நோட்டீசு கொடுத்தார். வீட்டோடு மரியாதையும் குடிபெயர்ந்திருந்தது. ஊர்க்காரர்கள் வேம்புலியை வாங்க என்றார்கள். கோதண்டத்தை வாய்யா என்றார்கள். வேம்புலி கூலிப்பணத்தை மிச்சம்பிடித்து முதல் வரியைக் கட்டினான். மறுநாள் காலை மேற்குச் சுவர், எண்ணெய்க் கறை இன்னும் கொஞ்சம் அகலமாகி, வெறும் மனையில் படுத்திருந்த கோதண்டத்தின் தலைமாட்டுக்குத் திரும்பி வந்து நின்றது.

இந்தத் தடவை கரையைச் சுற்றி வந்தவன் வேம்புலி.

"உனுக்கு இன்னாபா. வரி கெடையாது, வாய்தா கெடையாது. படுத்துகினு கெடந்தா செவுரு தானா வருது. குடுத்து வச்சவன்."

கோதண்டத்தைப் பார்த்து இதுவரை யாரும் பொறாமைப்பட்டதில்லை. கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளையைவிட மாட்டைத்தான் பாராட்டினார்கள். ஆகவே அவர் அந்தச் சுகத்தை ஒரு வருஷம் அனுபவித்தார். வேம்புலி பார்க்கும்போதெல்லாம் வேண்டுமென்றே கால் நீட்டிப் படுத்தார். ஓடு வந்தது, வாசக்கால் வந்தது. பாதி வீடு இக்கரை, பாதி வீடு அக்கரை என்று ஆனபோது ஐப்பசி பிறந்தது. முனியம்மா நிறைமாதமாக இருந்தாள். அக்கரையில் மிச்சம் இருந்தது சமையலறையும் அதை ஒட்டிய ஒரு அறையும்தான். அடுத்த வரியோடு அந்த அறை வந்துவிடும், மழையும் வந்துவிடும். கட்டாவிட்டால் ஜப்தி. வேம்புலி இதைச் சொல்லவில்லை. பொறாமையில் இருக்கிறவன் உதவி கேட்கமாட்டான் என்பது கோதண்டத்துக்குத் தெரியாதா.

வரலட்சுமிதான் சொன்னாள். "அவ புள்ளய மழையிலயா பெப்பா? நீ இங்க என் ரூமுல மல்லாந்துகினு கெடப்ப. அந்த ரூமுல நான் படுக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

பாதி வீட்டுக்காரர் ஆனதால் கோதண்டத்துக்கும் அந்த அரையாண்டு நோட்டீசு வந்திருந்தது. யார் முதலில் கட்டுகிறாரோ அவர் வீடு நகரும் என்று பரந்தாமன் சொல்லியிருந்தார். கோதண்டம் ராத்திரியெல்லாம் புரண்டார். தான் முதலில் கட்டினால் முழு வீடும் அவனிடம் போக ஆரம்பிக்கும். அதை நினைத்ததும் வயிறு எரிந்தது. அவனை முதலில் கட்டவிட்டால் முனியம்மாவுக்குக் கூரை இருக்காது; அதை நினைத்ததும் வேறெங்கோ எரிந்தது. காலையில் வேம்புலியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பரந்தாமனிடம் போனார். இருவரும் ஒரே நேரத்தில் பரந்தாமனின் உள்ளங்கையில் பணத்தை வைத்தார்கள். இந்த மாதிரி இதற்கு முன் நடந்ததில்லை என்று பரந்தாமன் சொல்லிவிட்டு, இரண்டு ரசீது எழுதிக் கொடுத்தார்.

அன்று இரு கரையிலிருந்தும் புறப்பட்ட வீடு, ஏரி நடுவே இருக்கிற மண்திட்டில் சந்தித்து அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு குடும்பமும் தோணியில் சாமான் ஏற்றிக்கொண்டு போய்க் குடியேறின. நான்காம் நாள் மழையில் முனியம்மாவுக்குப் பெண் பிறந்தது. அந்தத் திட்டு எந்தக் கரை எல்லை என்று நிர்ணயம் ஆகாததால் வரி கேட்டு யாரும் வரவில்லை. அங்கே அடிக்கிற காற்றை நினைத்து எங்கள் ஊரே புகைந்தது. நாங்கள் தொழுவத்தை வீடு என்று மாற்றி எழுதித்தரத் தயாராக இருந்தோம்; இனி மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

வந்து சேர்ந்த வீட்டில் ஒரு உள்சுவர் மட்டும் குறைந்தது. அது சர்க்கார் நிர்வாகச் செலவுக்கு என்றார் பரந்தாமன். இரு குடும்பத்துக்கும் நடுவில் நிற்கவேண்டிய சுவர் அது. புதிதாக ஒன்று எழுப்பலாமா என்று கோதண்டம் இரண்டு மூன்று தடவை பேச்செடுத்தார். எழுப்பினால் இரண்டு வீடு என்று கணக்காகும், வரி போடுவார்கள் என்று வரலட்சுமி சொன்னாள். வேம்புலியும் அதையேதான் சொன்னான். ஆகவே யாரும் எழுப்பவில்லை.