இரண்டு கப், ஒரே எண்

கடிதத்தைப் படித்த கையோடு ராஜ்பதி அம்மாள் சாப்பாட்டு மேசையிலிருந்த உப்பு ஜாடியைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

"இனி இந்த வீட்ல உப்பு கெடையாது. என் புள்ளைக்குக் கிட்னி போகுது."

பிள்ளை ஜைராம் நாற்பத்தொரு வயது ட்ராம் ஓட்டுநர். கோழிக்கறியை மென்றுகொண்டே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான்.

"போகுதுன்னு எழுதல அத்தை. சிறுநீர்ல புரதம் கலந்திருக்கு, சனிக்கிழமை கோயில் மண்டபத்துக்கு டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்க வாங்கன்னுதான் இருக்கு," என்றாள் அவன் மனைவி உமாவதி. "எனக்கும் அதேதான் வந்திருக்கு."

"உனக்கா? பொம்பளைங்கன்னா அப்படித்தான். ரெண்டு நாள் நெறைய தண்ணி குடி."

சுரிநாமிலிருந்து வந்து நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் குடியேறிய இந்துக்களில் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இல்லாத வீடு அபூர்வம். ஜைராமின் அப்பா கிட்னி கெட்டு, வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொண்டே செத்தார். உமாவதிக்குக் கர்ப்பத்தில் வந்த சர்க்கரை போகவே இல்லை. அதனால்தான் கோயிலுக்கு வந்த நர்ஸ் இருவர் பெயரையும் எழுதி, சிறுநீர் பிடித்துத் தர ஆளுக்கொரு கப் கொடுத்தாள்.

ஜைராம் கப்பைப் பார்த்துச் சிரித்தான். "ஊரே பாக்க இதத் தூக்கிட்டு எவன் போவான்? ரெண்டையும் நீயே நிரப்பிக் குடுத்துடு."

நிரப்பினாள். அவன் வேலையை அவள் செய்வது அந்த வீட்டில் புதிதல்ல.

இரண்டு கடிதத்திலும் புரத அளவு தொண்ணூற்று நான்கு என்று ஒரே எண். மகன் பெயருக்கு நேரே இருந்தபோது அது எமன். மருமகள் பெயருக்கு நேரே வெறும் தாகம்.

அந்த வாரம் முழுக்க ஜைராம் விடுப்பில் சோபாவில் கிடந்தான். பார்லித் தண்ணீர் வந்தது. கால் பிடித்துவிடக்கூட அம்மா தயார்.

"உண்மையச் சொல்லிடுங்க," என்று உமாவதி இரண்டு முறை கேட்டாள்.

"அம்மா மனசு ஒடஞ்சிடும்," என்றான், பார்லித் தண்ணீரை உறிஞ்சியபடி.

சனிக்கிழமை காலையில் ராஜ்பதி அம்மாள் உத்தரவு போட்டாள். "நான் அவனக் கூட்டிட்டுப் போறேன். பன்னெண்டு மணிக்குப் பண்டிட் வந்துடுவார். அவன் உடம்புக்காக ஜண்டி பூஜை, தோட்டத்துல மூங்கில் கம்புல சாமிக்கொடி கட்டி நடணும். நீ அறுபது பருப்புப் பூரி போட்டு வை."

"என் ரத்தம்?"

"உன் ரத்தம் எங்க ஓடிப்போகுது? அடுத்த தடவ குடு."

உமாவதி மாவுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு கப்பும் என்னோடதுதான் அத்தை. அவருக்கும் நான்தான் நிரப்பினேன்."

"டேய், நெஜமாவா?"

ஜைராம் டம்ளருக்குள் பார்த்தான். "வேலைக்கு நேரமாச்சும்மா, அதான்..."

ராஜ்பதி அம்மாள் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். "பகவானே, என் புள்ளைக்கு ஒண்ணுமில்ல." உடனே ஸ்டூலில் ஏறி உப்பு ஜாடியை இறக்கினாள். அப்படியானால் அந்தத் தொண்ணூற்று நான்கு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

"ஒண்ணுமில்லன்னு யாரு சொன்னா?" என்றாள் உமாவதி. "அவரோடத இன்னும் யாரும் பாக்கவே இல்லையே."

ஜாடி கையிலேயே நின்றது.

உமாவதி கோட்டை மாட்டி, தன் பெயர் போட்ட கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"எங்க கெளம்பிட்ட? பூரிக்கு மாவு?"

"அவருக்குப் பதிலா நான் கப்பு நிரப்பினேன்," என்றாள், கதவைத் திறந்தபடி. "எனக்குப் பதிலா அவர் மாவு பிசையட்டும்."