காடி விரிந்த பட்டை

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி," என்றார் அப்பா.

அவர் முதுகுக்குத் தலையணைகளை முட்டுக்கொடுத்துவிட்டு, மகள் ரம்பப் பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். அரத்தை வைத்து இரண்டு முறை இழுத்தார். மூன்றாவது இழுப்புக்கு மூச்சு வரவில்லை.

மரம் அறுக்கும் மெஷினில் சங்கிலி ஓடுகிற நீளமான இரும்புப் பட்டை அது. அந்தத் தொழிலை விட்டபின் இருபது வருடமாக இந்தப் பழைய பட்டைகளைத்தான் தேடிச் சேர்த்தார். காயலான் கடைகளில் கிளறி எடுத்து வருவார். துருவைத் தேய்ப்பார். சங்கிலி உட்காரும் பள்ளமான காடி விரிந்திருந்தால் தட்டித்தட்டி நெருக்குவார். பின்னறைச் சுவரில் அறுபத்துமூன்று தொங்கின. "பெத்த பிள்ளையைக்கூட இப்படிக் குளிப்பாட்டலையே," என்று அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த ஒன்றை மட்டும் அவர் இத்தனை வருடம் தொட்டதில்லை. சாக்கில் சுற்றிப் பரணில் கிடந்ததைப் போன வாரம்தான் இறக்கச் சொல்லி, படுக்கையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிவந்தார். சித்தப்பாவின் இரண்டு விரல்களை எடுத்த பட்டை. காடி விரிந்துவிட்டது, மாற்றலாம் என்று சித்தப்பா அன்று சொல்லியிருக்கிறார். இந்த மரம் மட்டும் முடியட்டும் என்றிருக்கிறார் அப்பா. பாதி மரத்தில் சங்கிலி கழன்று தெறித்தது. அதன்பின் அண்ணனும் தம்பியும் முகம் பார்க்கவில்லை.

அரம் கையிலிருந்து நழுவியது.

"அவனை வரச் சொல்லு."

அவள் வாசலுக்குப் போய் போன் செய்தாள்.

"சித்தப்பா, அப்பா உங்களைப் பாக்கணுங்கறாரு. இன்னைக்குத் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."



"வேலை இருக்கும்மா," என்று வைத்துவிட்டார்.

உள்ளே வந்து, "வர்றாராம்பா," என்றாள். அப்பா தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சித்தப்பாவின் ஊர் மூன்று மணி நேரத் தொலைவு. இரண்டு மணி நேரத்திலேயே அவர் அறைக்குள் வந்து நின்றார். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த பட்டையை எடுத்து, ஒரு கண்ணை மூடி அதன் நீளத்துக்கும் பார்த்தார். காடியில் நகத்தை விட்டு முனைவரை இழுத்தார்.

"ரெண்டு பக்கமும் சமமா நெருக்கியிருக்கே," என்றார். பிறகு, "இப்ப ஓட்டலாம்ணே."

அப்பாவின் மூச்சு எப்போதாவதுதான் வந்தது.

"இதை அன்னைக்கே செஞ்சிருக்கலாம்." சாப்பாட்டுக்கு நேரம் கழித்து வந்தவரிடம் சொல்வதுபோல் சித்தப்பா சொன்னார்.

அப்பாவின் உதடு அசைந்தது.

"என்னம்மா சொன்னாரு?"

என்னவாவது சொல்லியிருக்கலாம். இந்த முறை அவளுக்குப் பொய் வரவில்லை.

"கேக்கலை சித்தப்பா."

அவர் குனிந்து அண்ணனின் வாயருகே காதை வைத்தார். அப்படியே இருந்தார். ஒரு மூச்சு வந்தது. இருவரும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். வரவில்லை என்று தெரிந்த பிறகும் சித்தப்பா நிமிரவில்லை.

தெருவிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். "வண்டி யாரோடதுங்க? வழியில நிக்குது."

அவள் வெளியே போனாள். சித்தப்பாவின் பைக் தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு கோணலாக நின்றது. சாவி அதிலேயே இருந்தது. அவர் வீட்டுப்பக்கம் திரும்பியபோது போட்ட மஞ்சள் விளக்கு இன்னும் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அணைக்க நீட்டிய கையோடு அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.