மாடியில் குடியிருந்த அரசாங்கம்

எங்கள் வீட்டு மாடியில் அரசாங்கம் வாடகைக்கு இருந்தார். ஒற்றை ஆள். ஒல்லி உடம்பு, தோளில் ஒரு துண்டு. விடிந்ததும் தெருக்காரர்கள் திட்டுவதற்கு வந்துவிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வார்.

"பார்க்கிறோம்."

மாடிப்படி எங்கள் ஜன்னலை ஒட்டி ஏறும். இரும்புப் படி. ஆள் ஏறினால் டங்டங்கென்று கேட்கும். தொட்டிலில் கிடக்கும் என் பாப்பா விழித்துக்கொள்வாள். தூக்கம் இல்லாமல் பாலும் குடிக்க மாட்டாள். அங்கன்வாடி டீச்சர் எடை போட்டுவிட்டு, "போன மாசத்தைவிட இறங்கிருச்சேம்மா. பிள்ளைய நல்லாத் தூங்க வை" என்றார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் தொட்டிலுக்குமாக நடந்தேன். வருகிறவர்களிடம் மெதுவாகப் போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. நைட்டிமேல் போட்ட துண்டைத் திருகிக்கொண்டு நிற்பேன். அவர்கள் என்னைத் தாண்டி ஏறிப் போவார்கள்.

முனை வீட்டு முருகேஸ்வரி அக்கா சாக்கடைக்காகத் தினமும் வருவார். "யோவ் அரசாங்கம், வாசல்ல நிக்க முடியல, அப்படி நாறுது. மேல உக்காந்து என்னத்தய்யா பண்ற?"

பின்னாலேயே டெய்லர் பிச்சைமணி. "என் வீட்டுக்காரி கோவிச்சுக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. இதுக்கும் நீதான் பதில் சொல்லணும்."

"பார்க்கிறோம்."

ஒருநாள் பாப்பா அழுது களைத்து என் தோளிலேயே தூங்கிப்போனாள். மேலே அக்காவின் குரல் ஏறிக்கொண்டே போனது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, பிள்ளையோடு படியேறிவிட்டேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"உங்களாலதான் என் பிள்ள தூங்க மாட்டேங்குது" என்று கத்தினேன்.

அத்தனை சத்தத்துக்கும் அசையாத பாப்பா என் குரலுக்குத் திடுக்கிட்டு அழுதாள். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"பார்க்கிறோம்" என்றார் அரசாங்கம்.

இறங்கிவந்து ஒரு கம்பியை எடுத்துச் சாக்கடையைக் குத்தினேன். தண்ணீர் ஓடினால் அக்காவாவது வரமாட்டார். பால் கவர், தேங்காய் நார், டெய்லர் கடை வெட்டுத்துணி எல்லாம் வந்தன. அடியில் அடைத்துக்கொண்டிருந்தவை பாப்பாவின் டயப்பர்கள். நான் போட்டவை. அள்ளிக் கூடையில் வைத்தேன். தண்ணீர் ஓடியது.

மறுநாள் அக்கா வந்து சாக்கடையைப் பார்த்தார்.

"அப்ப இன்னிக்கி நான் யாரடி திட்டுறது?"

"பாப்பா தூங்குதுக்கா. உள்ள உங்க வீட்டுத் தேங்கா நாரும் கிடந்துச்சு."

"ஏண்டி, உன்னைய ஊமைன்னுல்ல நெனச்சேன்" என்று சொல்லி, கம்பியை வாங்கிக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் குத்தப் போனார். அதைப் பார்த்த டெய்லரும் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வர, பஸ் ஏறி மாமியார் ஊருக்குப் போனார்.

படியில் சத்தம் குறைந்தது. அரசாங்கம் கொஞ்ச நாள் மாடிச் சுவரில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காலையில் சட்டை போட்டு, டிபன் பாக்ஸோடு இறங்கிவந்தார்.

"திட்டு வாங்கவே பொழுது சரியாப் போயிரும்மா. இப்பத்தான் ஆபீஸ் போக எங்களுக்கு நேரம் கிடைச்சிருக்கு."

பாப்பா மத்தியானங்களில் தூங்கினாள். நான்தான் அவள் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடியில் காலியாக இருந்த இன்னொரு போர்ஷனுக்கு இன்று மத்தியானம் சமூகம் குடிவந்தது. பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஒரு வேன் நிறைய ஆட்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாய். ஒருவர் பேசி முடித்ததும் கழற்றி அடுத்தவரிடம் கொடுத்தார்கள்.

"எங்களையும் திட்டுறதுக்கு ஆளுங்க வருவாங்க. பரவாயில்லையா?"

"நாலு மணிக்கு மேல வரச் சொல்லுங்க. பாப்பா தூங்குது" என்றேன்.

அவர்கள் வாயைத் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் படியேறினார்கள். ஒரு டம்ளரில் போட்டுத் தட்டால் மூடி வைத்திருக்கிறேன். நாலு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.