பின்கதவு ஆமைப்பூட்டு

அந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே ரஞ்சினிக்கு மூக்குக்கு மேலே கோபம். மகள் தனுஷாவின் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. பிரதம விருந்தினராய் ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையாம், அவள் தைக்கப் போகும் காமென்ற் தொழிற்சாலையின் மனேஜர் கஜானன் வருகிறாராம். கொம்பியூட்டர் அறை கட்டித் தருகிற பெருமான், மாலை போடாமல் விடுவார்களா?

மனேஜர்மீது இருந்த கோபத்தைவிட அவளுக்குத் தன்மீதுதான் கோபம் அதிகம். மூன்று கிழமைக்கு முன்னர், கொடிகாமத்துக்குக் கிட்ட இருக்கும் அந்தத் தொழிற்சாலையில், துணி அயன் பண்ணும் மேசையின் வயர் எரிந்து மண்டபம் முழுக்கப் புகை. பெண்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். கதவில் ஆமைப்பூட்டு! துணி களவு போய்விடுமாம், அதனால் வேலை நேரம் முழுக்கப் பூட்டு, திறப்புச் சாவி மனேஜரின் மேசை லாச்சிக்குள். இருநூறு பேர் நெரித்ததில், ரஞ்சினிக்குப் பக்கத்து மெசினில் தைக்கும் றோஸ் விழுந்து மிதிபட்டு, வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது.

மறுநாள் காலை மனேஜரின் ஒவிசிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. 'றோஸ் படியில் தடக்கி விழுந்தார். பின்கதவு திறந்தே இருந்தது.' சாட்சிக் கையெழுத்து ரஞ்சினி வைக்கவேண்டுமாம். வைக்காவிட்டால் அடுத்த மாதம் வேலை இல்லை என்று கடுதாசியோடு வந்தவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ரஞ்சினி வைத்துவிட்டாள், பாழாய்ப்போன கையால் வைத்தே விட்டாள். அந்தக் கையெழுத்தைக் காட்டித்தான், தன் கவனக்குறைவால் விழுந்தவள் என்று றோஸை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். மானிப்பாயில் ஒரே ஒழுங்கையில் குடியிருக்கும் றோஸ், கையைத் துணியில் தூக்கிக் கட்டிக்கொண்டு எதிரே வந்தாலும் இப்போது முகம் பார்ப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமையும் வேலை நாள். காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு ரஞ்சினி பள்ளிக்கூடம் போனாள். அந்தக் காலத்து அமெரிக்க மிசன்காரர் கட்டிய மண்டபம். தனுஷாவின் மேசையில் பெரிய அட்டை: 'அமெரிக்கா, 1880–1900: தொழிற்சாலைகள் வந்தன, ஊர்கள் மாறின.' ரயில் பாதைகள், புகைபோக்கிகள், தோட்டம் துரவை விட்டு ஆலைக்கு வந்த பெண்கள், பன்னிரண்டு மணி நேர வேலை என்று படங்கள். நடுவில் மட்டையால் செய்த ஒரு தொழிற்சாலை. அதன் பின்கதவில் ஒரு குட்டிப் பூட்டு. ரஞ்சினி குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். தொழிற்சாலைப் பூட்டைப் பற்றி வீட்டில் அவள் மூச்சுக்கூட விட்டதில்லை. பிள்ளை புத்தகத்தில் படித்துத்தான் செய்திருக்கிறாள்.

கஜானன் மாலையும் கழுத்துமாய் வந்து குனிந்து பார்த்தார். பக்கத்தில் பள்ளிக்கூட அதிபர் ஹெக்டர்.

"இதென்ன பிள்ளை, கதவில பூட்டு?"

"சேர், அந்த நாளையில சில முதலாளிமார் வேலை நேரத்தில கதவைப் பூட்டி வைச்சவை. ஆக்கள் இடையில போகக்கூடாது, சாமான் களவு போகக்கூடாது எண்டு. நெருப்புப் பிடிச்சா ஓட வழியில்லை."

"பாவங்கள். சனம் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கேட்டவை சேர். வேலைநிறுத்தம் செய்து கனபேருக்கு வேலையும் போனது. பயத்தில வாய் திறக்காத ஆக்களும் இருந்தவை."

"நல்ல காலம், உதெல்லாம் அந்தக் காலத்தோட முடிஞ்சுது" என்று கஜானன் பிள்ளையின் தலையைத் தடவினார்.

ரஞ்சினிக்குப் பத்திக்கொண்டு வந்தது. "எங்க சேர் முடிஞ்சது?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. கஜானன் அவளை அடையாளம் கண்டு சிரித்தார். "அட, நீங்கள் காய்ச்சல் எண்டெல்லோ லீவு எடுத்தனீங்கள், அக்கா?"

நாலு பேர் சிரித்தார்கள்.

"ஓம், பொய்தான் சொன்னனான். அதைவிடப் பெரிய பொய்யும் சொன்னனான். பின்கதவு திறந்து கிடந்தது எண்டு உங்கடை ஒவிசுக் கடுதாசியில கையெழுத்து வைச்சனான். கதவு பூட்டிக் கிடந்தது. றோஸின்ரை கை முறிஞ்சது அந்தப் பூட்டாலை!"

"ரஞ்சினி, உது உங்கடை வேலைத்தலத்துப் பிரச்சினை. இஞ்சை வேண்டாம்" என்றார் ஹெக்டர்.

"அதே கதவை உங்கடை பள்ளிக்கூடத்தில மட்டையால செய்து வைச்சிருக்கு சேர். அமெரிக்காக்காரனுக்கு எண்டா பாவம், எங்களுக்கெண்டா பிரச்சினையோ?"

கஜானனின் சிரிப்பு வற்றியது. "எங்கடை பின்கதவில பூட்டே இல்லை. திங்கட்கிழமை ஆரும் வந்து பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நடந்தார்.

தனுஷா மெல்லக் கேட்டாள். "அம்மா, நீங்களும் பயத்திலயோ கையெழுத்து வைச்சனீங்கள்?"

"ஓம்" என்றாள் ரஞ்சினி. பிள்ளை குனிந்து அட்டையின் நுனியைத் தடவினாள். நாலு பேர் சிரித்ததைத் தாங்கியவளுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை கொம்பனி பஸ் அவளைக் கண்டும் நிற்காமல் போனது. போனால் போகட்டும் என்று இரண்டு பஸ் மாறித் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தாள். கேற்றில் காவலாளி நாகலிங்கம் குறுக்கே நின்றார்.

"உள்ளை விடவேண்டாமாம், பிள்ளை. ஏன் உனக்கு இந்த வேலை? பின்கதவு இப்ப ஆவெண்டு திறந்து கிடக்கு."

"இப்பவோ? அப்ப முந்தி?"

நாகலிங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கஜானனின் வாகனம் வந்து நின்றது. அவர் இறங்கினார். பிந்தி வந்த இன்னொரு பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்களும் நின்றுவிட்டார்கள்.

"நல்லதாப் போச்சு. எல்லாரும் வாங்கோ, கதவைப் பாருங்கோ. எங்கை பூட்டு?"

ரஞ்சினி நாலு பக்கமும் பார்த்தாள். கேற்றோரம் நாகலிங்கத்தின் சைக்கிள். சில்லைச் சுற்றிச் சங்கிலி, சங்கிலியில் உள்ளங்கை அகலப் பித்தளை ஆமைப்பூட்டு. கொம்பனிச் சாமான்களுக்கெல்லாம் அடிக்கும் சிவப்பு மையில் அதன் வயிற்றில் எழுதியிருந்தது: 'பின்கதவு'.

"உதென்ன அண்ணை?"

கிழவனுக்கு வேர்த்தது. "ஞாயிற்றுக்கிழமை கழட்டிக் கிணத்துக்குள்ளை போடச் சொன்னவை. நல்ல பித்தளை பிள்ளை, ஆருக்குத்தான் எறிய மனம் வரும்? ஒரு திறப்பும் அதிலையே கிடந்தது…"

பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கஜானன் முகம் கறுத்துப்போய், "உது எங்கடை பூட்டில்லை" என்றார்.

"அப்ப உங்கடை மேசை லாச்சியில இருக்கிற மற்றத் திறப்பைக் கொண்டுவாங்கோ சேர். போட்டுப் பாப்பம். பொருந்தேல்லை எண்டா நான் பொய்க்காரி, இந்தக் கேற்றடிக்கே வரமாட்டன்."

கஜானன் நாகலிங்கத்தை முறைத்தார், திறப்பெடுக்கப் போகவில்லை. மணி அடித்தது. பெண்களில் ஒருத்தியும் உள்ளே போகவில்லை.

ரஞ்சினி பூட்டைப் போனில் படம் பிடித்தாள். சிவப்பு எழுத்துத் தெரியக் கிட்டப் பிடித்து இன்னொன்றும் எடுத்தாள். பிறகு றோஸுக்கு அழைத்தாள். நெடுநேரம் மணி போனது. கடைசியில் றோஸ் எடுத்தாள்.

"றோஸ், வைச்சுப்போடாதை. வெளிக்கிட்டு நில். தொழில் கந்தோருக்குப் போய் முறைப்பாடு குடுப்பம். உன்ரை கையை முறிச்ச பூட்டைக் கண்டுபிடிச்சிட்டன். உனக்கு எதிரா முதல் கையெழுத்து வைச்சவள் நான். உனக்காக முதல் கையெழுத்தும் நான்தான் வைப்பன்."