மூச்சை விட்டுவிடாதே

கயிறு இரண்டு முறை அதிர்ந்தது. மீரா முகைதீன் மேலே வரத் தொடங்கிவிட்டார் என்று தண்ணீருக்கடியில் துணைக்கு நின்ற சேது கொடுத்த அடையாளம் அது. சுங்கை சோ ஊரின் பழைய ஈயக்குட்டை, சுரங்கம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கியது. தகரப் பீப்பாய்கள் கட்டிய மிதவையில் சிவானந்தமும் தங்கமணியும் உட்கார்ந்திருந்தார்கள். 1986, முக்குளிப்புப் பயிற்சியின் மூன்றாவது வகுப்பு.

போன வருடம் சபாக் பக்கம் படகு கவிழ்ந்தபோது தேடி முங்க ஆளில்லை. அதன்பிறகுதான், கடற்படையில் பத்து வருடம் முக்குளித்த சிவானந்தம் ஊராருக்குக் கற்றுக்கொடுக்க வந்தார். இன்றைய பாடம் புதியவர்களுக்கானதல்ல. காற்று தீர்ந்ததாக எண்ணி, முப்பதடியிலிருந்து ஒரே மூச்சில் மேலேற வேண்டும். வரும்போது அந்த மூச்சை வெளியே விட்டபடியே வரவேண்டும். ஏற ஏற நெஞ்சிலுள்ள காற்று விரியும். அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும். ஆபத்து வந்தால் எத்தனையாவது வகுப்பு என்று தண்ணீர் கேட்காது என்பது அவர் கணக்கு. காலையில் பலூனை ஊதிக் காட்டி விளக்கியிருந்தார்.

"சார், பலூன் காட்டுனப்ப பாய் ரவாங்ல கடைய விட்டு வரவே இல்லையே. அவர்கிட்ட என்ன சொல்லி எறக்குனீங்க?" என்றாள் தங்கமணி. எஸ்டேட் மருந்தகத்தில் வேலை செய்பவள்; கேள்விகளைத் தள்ளிப்போடாதவள்.

"மூச்ச மட்டும் விட்டுடாதீங்க பாய்னு..."

பாதியில் நின்றார். மூச்சுவிடுவதை நிறுத்தாதீர்கள் என்று சொல்ல நினைத்த வாக்கியம். கேட்டவரோ கீழக்கரைக்காரர். தன் பாட்டனார் முத்துக் குளித்தபோது இரண்டு நிமிடம் மூச்சடக்குவார் என்று வகுப்புக்கு வகுப்பு பெருமை பேசுபவர்.

சிவானந்தம் முகக்கண்ணாடியை இழுத்து மாட்டினார். பச்சைத் தண்ணீர் அசையவில்லை. குதிக்கக் காலை மடக்கியபோது கயிற்றோரம் ஒரு குமிழி உடைந்தது. பிறகு நாலைந்து. பிறகு விடாமல், கொதிக்கும் உலைபோல.

மீரா முகைதீனின் தலை வெளியே வந்தது. வாய்க்குழாயைத் துப்பிய பிறகும் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"பாய், மூச்ச அடக்கலையா?"

"அடக்கத்தான் பார்த்தேன் தம்பி. பாதியில பயம் வந்திருச்சி லா. குழாயக் கடிச்சிக்கிட்டே சத்தமா ஓத ஆரம்பிச்சிட்டேன். எங்கிட்டு அடக்குறது?" குரல் தாழ்ந்தது. "ஏன், தப்பா?"

மிதவையின் விளிம்பைப் பிடித்திருந்த சிவானந்தத்தின் விரல்கள் வெளுத்திருந்தன.

"தப்பில்ல பாய். சார், மொத நீங்க மூச்ச விடுங்க," என்றாள் தங்கமணி.

கீழே இன்னும் சேது இருந்தான். அவனுடைய குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து, மூவருக்கும் நடுவில் அகலமாக விரிந்து உடைந்தன.