விடச் சொல்லாத மூச்சு

எக்ஸ்ரே எடுத்த மரியா "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்துபோனதால், கவியரசன் பதினோரு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தான். வைட்ஃபீல்டு ஏரியாவில் தண்ணி லாரி வராததைப் பேசுவது போலத்தான் ஆஸ்பத்திரியில் இதையும் பேசிக்கொண்டார்கள். மரியாவைக் குறை சொல்ல முடியாது. படம் விழுந்த அதே நொடியில், நீலசந்திரா ஏரியாவில் இருக்கும் அவள் வீட்டில் மாமியார் வழுக்கி விழுந்துவிட்டதாகப் போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினாள், அப்படியே லீவும் போட்டாள்.

கவியரசன் வாணியம்பாடிக்காரன், நெட்டை, எலும்பும் தோலும். ஆபீஸ் வண்டியில் போகும்போது நெஞ்சு சுருக்கென்றது. முதல் படத்தில் இடது நுரையீரல் கசக்கிய கைக்குட்டை மாதிரி ஓரமாய்க் கிடந்தது. சுற்றிலும் வெறும் காற்று. விலாவுக்கு நடுவே குழாய் செருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டார்கள், சிக்கிய காற்று குமிழ் குமிழாக வெளியேறட்டும் என்று. குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எடுத்ததுதான் மரியாவின் படம். அதன்பின் ஒரு குமிழ்கூட வரவில்லை. "எத்தனை படம் எடுத்தாலும் ஒரே படம்பா! நீ மூச்சு விட்டாத்தானே உள்ள மாட்டுன காத்து வெளிய போகும்? வெள்ளிக்கிழமைக்குள்ள நுரையீரல் விரியலேன்னா ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர் அச்யுத்.

விடு என்று டாக்டர் சொன்னார், நர்ஸ் சொன்னாள், செக்யூரிட்டிகூட அதட்டிப் பார்த்தார். ஊஹூம். ஆறு வருஷ ஆபீஸ் பழக்கம் அப்படி: வேலையைக் கொடுத்தவரே முடிந்தது என்று சொல்ல வேண்டும், மேலே இருப்பவர் ஓகே சொல்லாமல் அவன் ஒரு மெயில்கூட அனுப்பியதில்லை. பாவம், மூச்சைப் பிடித்துக்கொண்டே இருக்க அவனுக்கு மட்டும் ஆசையா? நெஞ்சு உள்ளிருந்து தாழ் போட்டுக்கொண்டது. திறக்கத் தெரியாமல் பயத்தில் கண்ணீர் வடித்தான். ஆறாம் நாள் வாணியம்பாடியில் அவன் மனைவி தர்ஷினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. "ஏங்க, புள்ள காதுல ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்றாள் போனில். பேச்சுக்கு மூச்சு வேண்டுமே! டைப் செய்து அனுப்பினான். "இத புள்ளைக்கு யாரு படிச்சுக் காட்டுறது?" என்று அவள் அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை மரியா வேலைக்குத் திரும்பினாள். படங்களைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ கர்த்தரே, இவருகிட்ட விடச் சொல்லவே இல்லியே நானு!" அவனை அன்று படம் எடுத்த அதே எக்ஸ்ரே பலகையில் நெஞ்சு ஒட்ட நிறுத்தி, "விடுங்க சார்" என்றாள். பதினோரு நாள் மூச்சு வந்தது. திரைச்சீலை பறந்தது, காலண்டர் கழன்று விழுந்தது, பாட்டில் தண்ணீர் கொதித்தது. ஆனால் அப்போது எடுத்த படத்தில் நுரையீரல் முன்னைவிடச் சின்னதாக இருந்தது. கவியரசன் காலி நெஞ்சோடு, இழுக்கலாமா என்று கண்ணாலேயே அவளைக் கேட்டுக்கொண்டு நின்றான். "அதையும் நானா சொல்லணும்? உங்க மூச்சு சார் அது!" என்றாள். அவன் உதடு நீலமானது.

நல்லவேளை, தர்ஷினி வீடியோவில் கூப்பிட்டாள். மரியா போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஐந்து நாள் குழந்தை வீல் வீலென்று கத்தியது. ஒவ்வொரு கத்தலுக்கு முன்னாலும் யாரையும் கேட்காமல் மூச்சை இழுத்தது. கவியரசன் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான், பிறகு அவனும் இழுத்தான். அடுத்த படத்தில் நுரையீரல் விலாவைத் தொட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் அச்யுத் ஆபரேஷனை ரத்து செய்துவிட்டு டீ குடிக்கப் போனார். போனில் தர்ஷினி இன்னும், "ஸ்ஸ்... அழாதடி கண்ணு, அப்பா பாக்கறாரு" என்று குழந்தையை அமர்த்திக்கொண்டிருந்தாள்.

"அடக்காத தர்ஷினி" என்றான் கவியரசன். "நல்லா அழட்டும்."